ஹாரனுக்குப் போன காத்து

வாங்க, வாங்க. காலையில போன்ல பேசுன வெள்ளகோவில்காரருங்களா? அந்தக் கயித்துக் கட்டில்ல உக்காருங்க. நடுவாப்ல உக்காருங்க, ஓரத்துல கயிறு தளந்து கெடக்குது. வெயில்ல வந்திருக்கறீங்க, மோரு கொண்டாறேன். ஊட்ல ஆளில்லைன்னு நெனச்சுக்காதீங்க, இருக்குது. நான் கேட்டா ஒண்ணும் வராது, அவ்வளவுதான். அதையுஞ் சொல்றேன், மொதல்ல மோரக் குடிங்க. உப்பு ஏறக்கொறைய இருக்கும், நான் போட்டது.

வண்டிக்கடியில மாட்டற ஏர் பேக்கு ரெண்டும் அந்தச் சாக்குல இருக்குதுங்க. பிரிச்சுப் பாருங்க. கிழிசல் கெடையாது, ஒட்டுக் கெடையாது. மூணு மாசந்தான் ஓடுச்சு. ஆனா நான் நேராச் சொல்லிப்போடறேன், நல்ல சாமான்னு நெனச்சுக்கிட்டு வாங்காதீங்க. மோசமான சாமான். என்ற குடும்பத்தையே ரெண்டாக்குன சாமான்.

ஏனுங்க சிரிக்கறீங்க? விக்கறவன் இப்பிடிப் பேசுவானான்னுங்களா? எனக்கு ஒண்ண மறைச்சு ஒண்ணு பேசத் தெரியாதுங்க. அது என்ற பொறவிக் கொணம். மனசுல பட்டத மூஞ்சிக்கு நேராச் சொல்லிருவேன். அதனாலேயே எனக்கு ஊருக்குள்ள பகை.

நீங்க இழுக்கறது ஜெனரேட்டர் வண்டின்னீங்கல்ல? கல்யாண மண்டபம், கோயில் விசேசம். சரி. டிரெய்லர் மேல ஜெனரேட்டரு, பிக்கப்புல மைக் செட்டு, பாக்ஸு. பின்னால அப்பிடியே குந்திக்கும், முன்னால மூஞ்சி தூக்கிக்கும். ஸ்டேரிங்கப் புடிச்சா கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். லைட்டுப் போட்டா எதுக்கால வர்றவன் கண்ணுல அடிக்கும், அவன் நம்ம ஆத்தாவையும் அப்பனையும் இழுத்துட்டுப் போவான். எனக்குத் தெரியாதுங்களா. எனக்கும் அதே பாடுதான். உங்களுக்கு ஜெனரேட்டரு, எனக்கு மஞ்ச.

என்ற பேரு சென்னியப்பன். மஞ்சச் சென்னியப்பன்னா சிவகிரி சுத்துல யாரக் கேட்டாலும் கைகாட்டுவாங்க. மஞ்ச வெளைய வெக்கறவன் இல்லீங்க, வேவிக்கறவன். தோட்டத்துல மஞ்சளத் தோண்டுனதும் வேவிச்சுத்தான் காயப்போடோணும். அந்தக் காலத்துல கொப்பரையில போட்டு வேவிச்சாங்க. இப்ப எல்லாம் ஆவிதான். அதா, வேப்ப மரத்தடியில நிக்குது பாருங்க, அதுதான் எங்க மிசினு. நடுவுல பாய்லரு, சுத்தி நாலு டிரம்மு, அடியில ரெண்டு சக்கரம். பிக்கப்புல கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போயி தோட்டத்துல நிறுத்துனா, அடுப்பப் பத்தவெச்சு ஆவியத் தொறந்துவுட்டா, ஒரு டிரம்மு மஞ்ச முக்கா மணி நேரத்துல வெந்துரும்.

நான் வண்டி ஓட்டறது, அடுப்புப் பாக்கறது. வேக்காடு பாக்கறது எங்க ஊட்டுக்காரி, துளசிமணி. ஒரு ஈர்க்குச்சிய எடுத்து மஞ்சள்ல குத்துவா. குச்சி எறங்கற எறக்கத்துலயே சொல்லிருவா, இன்னும் ரெண்டு நிமிசம், இல்லாட்டிப் போதும் கொட்டுன்னு. வேக்காடு பத்தாட்டி காய மாட்டீங்குது, மிஞ்சிப்போச்சுன்னா நெறம் கெட்டுப் போகுது. அவ குச்சி ஒருவாட்டிகூட தப்புனதில்ல. பதினோரு வருசமா மாசி பங்குனின்னா நாங்க ரெண்டு பேரும் ஊட்ல இருக்கறதே இல்லீங்க. தோட்டந் தோட்டமாப் போயிட்டே இருப்போம். வண்டியில எம்பக்கத்துலதான் உக்காருவா. தூக்குப்போசியில சோத்த மடியில வெச்சுக்குவா. எங்களப் பாத்துப் பொறாமைப்பட்டவன் இருக்கறான்.

நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அவ அண்ணன் செல்லமுத்து டிராக்டரு வருது. இந்த மிசின அதுல மாட்டி, அவளும் அதுல ஏறி, மேக்கால நல்லமுத்துத் தோட்டத்துக்குப் போறா. ஏழு ஏக்கரா மஞ்ச. நான் கெடையாது. நீயும் வான்னு ஒரு வார்த்தை கெடையாது. என்ற மிசினு, என்ற பொண்டாட்டி, பதினோரு வருசத்துல மொத மொதல்ல நான் இல்லாம போகுதுங்க ரெண்டும். எல்லாம் உங்க கையில இருக்கற அந்த ரப்பர் பையிதான் காரணம்.

என்னது, அந்த மூணு வாயி டீ ஜாயிண்டா? குழாயிக்கு நடுவுல இருக்கறதா? அது கம்பெனியோட வந்ததில்லீங்க, நான் போட்டது. சொல்றேன், சொல்றேன்.

போன தையில கோயமுத்தூர் போனேன். அங்க ஒரு பாயி, வண்டிக்கடியில ஸ்பிரிங் பட்டை வேலையெல்லாம் பண்றவரு, அவருகிட்டத்தான் இத மாட்டுனேன். ஆக்சிலுக்கு மேல, சேசிசுக்குக் கீழ, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. காத்து ரொப்புனா பின்னால அப்பிடியே எந்திரிச்சு நிக்குது. நான் சுத்தி வந்து பாத்தேன். என்ற வண்டியான்னு எனக்கே சந்தேகம். புது மாப்ள மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது.

அந்தப் பாயி பேசுனாரு பாருங்க, பேசுனாரு, பேசுனாரு. சுமையோட இருக்கறப்பக் காத்து அம்பது பவுண்டு. சும்மா ஓட்டறப்பப் பத்துக்கு எறக்கீருங்க. நெதமும் காலையில அளந்து பாருங்க. ரெண்டு பேக்குக்கும் காத்தடிக்கத் தனித்தனி வாயி வெச்சிருக்கேன், ஒண்ணாச் சேத்தாதீங்க. அப்பறம் இதையச் சொன்னாரு, மூணு தடவ சொன்னாரு: இது வண்டிய நேரா நிறுத்தும், அவ்வளவுதான், வண்டி தாங்கற கனம் பழைய கனந்தான், சேத்தி ஏத்தாதீங்கன்னு. நான் ஆகட்டும் ஆகட்டும்னேன். இருவத்தஞ்சு வருசமா வண்டி ஓட்டறவங்கிட்ட ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாராட்டம். துளசிமணி பக்கத்துல நின்னு எல்லாத்தையும் காது குடுத்துக் கேட்டுட்டு இருந்தா. நான் டீக்கடைப் பக்கம் போயிட்டேன்.

நீங்களே சொல்லுங்க. முந்தியெல்லாம் குந்துன வண்டி இப்ப நேரா நிக்குது. அப்பறம் எடமிருக்குதுன்னுதான அர்த்தம்? இன்னொரு தண்ணி டேங்க் வெச்சேன். வெறகு முன்னால அரை வண்டி, இப்ப முழு வண்டி. காஞ்ச மஞ்சளுக்கு மெருகு போடற டிரம்மு ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அதையும் ஏத்துனேன். எல்லாத்தையும் ஏத்துனதுக்கப்பறமும் வண்டி நேராத்தான் நின்னுச்சு. கொஞ்சங் குந்துனா இன்னுங் கொஞ்சங் காத்து. பாயி சொன்ன அம்பதெல்லாம் எந்த மூலைக்கு. நான் எம்பதுல வெச்சேன். துளசிமணி கேட்டா, தூக்கி நிறுத்துனா கனம் கொறஞ்சு போயிருமுங்களான்னு. பொம்பளைக்கு என்ன தெரியும் இந்த விவரமெல்லாம்னு வுட்டுட்டேன்.

நெதமும் காத்தளக்கறது ஒரு ரோதனை. அதனால பானட்டுக்கடியில ஒரு சின்னக் கம்ப்ரசரு மாட்டி, டேஸ்போர்டுல ஒரு சுச்சு வெச்சேன். சுச்ச அமுக்குனா ரெண்டு பேக்குக்கும் ஒரே குழாயில காத்துப் போயிரும். ஒண்ணாச் சேத்தக் கூடாதுன்னு பாயி சொன்னாருதான். அது அவரு பொழப்புக்குச் சொல்றது. ரெண்டு வாயின்னா ரெண்டு தடவ ரொப்போணும். ஒரு வாயின்னா ஒரு தடவ. இதுல என்னங்க கணக்கு?

இப்ப அந்த டீ. என்ற வண்டியில ஒரு ஏர் ஹாரன் உண்டுங்க. லாரி ஹாரன், மூணு கொழலு. சாதாரணமா நெனச்சுராதீங்க, அதுதான் எங்க தொழிலே. ஒரு ஊரு எல்லைய மிதிச்சதும் ஒரு இழுப்பு இழுப்பேன். அந்தச் சத்தங் கேட்டா மஞ்சக்காரரு மோட்டாரப் போட்டு தொட்டிக்குத் தண்ணி ரொப்ப ஆரம்பிச்சிருவாரு. கூலிக்கு வர்ற பொம்பளைங்க கூடையத் தூக்கிக்கிட்டு வரப்புல நடக்க ஆரம்பிச்சிருவாங்க. நாங்க போயி மிசின நிறுத்தறதுக்கும் தண்ணி நெறையறதுக்கும் சரியா இருக்கும். போன் பண்ணிச் சொல்லலாமேம்பீங்க. போன்ல சொன்னா ஆகட்டும்பாங்க, படுத்துக்குவாங்க. ஹாரன் அப்பிடியில்ல. அது வந்துட்டேன்னு சொல்றது. சென்னியப்பன் ஹாரனுன்னு ஒரு பேரே இருக்குது.

அந்த ஹாரனோட பழைய காத்து டேங்க் துருப்புடிச்சுப் போச்சு. ஒரு மாசமா ஹாரன் இல்லாம ஓட்டுனேன், ஊமையாட்டம். அப்பத்தான் யோசன வந்துச்சு. பேக்குக்குள்ள அத்தன காத்து சும்மாதான அடஞ்சு கெடக்குது? அதுல இருந்து ஹாரனுக்கு ஒரு இழுப்பு எடுத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போகுது? கம்ப்ரசருதான் திருப்பி ரொப்பிக்குதே. ஒரு டீயப் போட்டேன், ஹாரனுக்கு ஒரு குழாயி இழுத்தேன். நானே போட்டது, ஒரு மெக்கானிக்குத் தயவு கெடையாது. அடிச்சுப் பாத்தேன் பாருங்க, பழைய சத்தத்தவிட ரெண்டு மடங்கு. தென்னந்தோப்புல இருந்த காக்காயெல்லாம் எந்திரிச்சுப் பறந்துச்சு.

ஹாரன் அடிக்கறப்ப வண்டி பின்னால சித்த எறங்குதுன்னு துளசிமணி ரெண்டு தடவ சொன்னா. எறங்கும், ஏறும், காத்துன்னா அப்பிடித்தான்னேன்.

என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? மோரு இன்னும் ஊத்தட்டுங்களா?

சரி. சம்பவத்துக்கு வர்றேன். இன்னிக்கு இருவத்திரெண்டு நாளாச்சு. ஒரு தோட்டத்துல காலையிலேயே வேல முடிஞ்சு, அடுத்த தோட்டத்துக்குப் போறோம். பத்துப் பத்தரை மணி இருக்கும். பின்னால மிசினு, வண்டியில வெறகு, ரெண்டு தண்ணி டேங்க்கு, மெருகு டிரம்மு. வாய்க்கா மேட்டு மேல போயி ஒரு வளைவு திரும்போணும். அந்த வளைவுல பாத்து, ஒருத்தன் ஆட்ட ஓட்டிட்டு வர்றான். எரநூறு ஆடு. ரோட்ட அடைச்சுக்கிட்டு, அவசரமே இல்லாம. நான் ஹாரன் வெச்சேன். ஆட்டுக்கு என்ன தெரியும், இன்னும் நடு ரோட்டுக்குத்தான் வருது. கைய எடுக்கல, வெச்ச கை வெச்சபடி அடிச்சேன். வேற என்னங்க பண்ணறது?

அப்ப வண்டி பின்னால பொத்துன்னு உக்காந்துச்சுங்க. மூஞ்சி மேல தூக்கிருச்சு. ஸ்டேரிங்கத் திருப்பறேன், முன்சக்கரம் கேக்க மாட்டீங்குது. வளைவுல வண்டி ஒரு பக்கமாச் சாயுது, அந்தப் பக்கத்துக் காத்தெல்லாம் இந்தப் பக்கம் ஓடியாந்துருச்சு போல, இன்னுஞ் சாயுது. பின்னால மிசினு அக்கட்டயும் இக்கட்டயும் ஆட ஆரம்பிச்சிருச்சு. ஆடுச்சு, ஆடுச்சு, வாய்க்கா மேட்டுச் செரிவுல இழுத்துட்டுப் போயி ஒரு பனமரத்துல எடது பக்கமா மோதி நின்னுச்சு. ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு குட்டிக்குக்கூட ஒண்ணும் ஆகல. ஆட்டுக்காரன் நின்னு பாத்துட்டு ஓட்டிட்டுப் போயிட்டான்.

எனக்கும் ஒண்ணும் ஆகல. எடது பக்கம் அவ உக்காந்திருந்தா. கதவு அப்பிடியே உள்ள வந்துருச்சு. எடது கை மணிக்கட்டுக்கு மேல ரெண்டு எடத்துல எலும்பு வுட்டுருச்சு. தூக்குப்போசி மட்டும் மடியிலேயே இருந்துச்சுங்க. அவ கைய இன்னொரு கையில தாங்கிப் புடிச்சுக்கிட்டு என்னத்தான் பாத்தா. அந்தப் பார்வையச் சொல்லத் தெரியலீங்க எனக்கு.

ஆஸ்பத்திரிக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்துச்சு. எப்பிடி ஆச்சு, எப்பிடி ஆச்சுன்னு கேக்கறாங்க. நான் சொன்னேன், ஏர் பேக்கு வெடிச்சுப் போச்சு, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு. வேற என்ன சொல்றது? எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரு, ஏர் பேக்குன்னா காருல மூஞ்சிக்கு நேரா வந்து வெடிக்குமே அதுன்னு நெனச்சுக்கிட்டு, அது வெடிச்சாத்தான நல்லதும்பாங்கன்னாரு. அவருக்கு வெவரம் சொல்லிப் புரிய வெக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. அவ கட்டில்ல படுத்துக்கிட்டே அத்தனையும் கேட்டுட்டு இருந்தா.

மூணாம் நாளு எல்லாரும் போனதுக்கப்பறம் கேட்டா.

“பேக்கு வெடிச்சுதுங்களா?”

ஆமான்னேன்.

“நான் பக்கத்துலதானுங்க இருந்தேன். ஹாரன்ல வெச்ச கைய எடுங்க, எடுங்கன்னு கத்துனேன். நீங்க எடுக்கல. ஊருக்கு என்ன வேணாச் சொல்லிக்குங்க, எனக்கு அது பத்திக் கவலையில்ல. எங்கிட்ட ஒருவாட்டி, ஆமா துளசி, என்ற தப்புத்தான்னு சொல்லீருங்க. போதும்.”

அவ்வளவுதான் கேட்டா. வேற ஒண்ணுங் கேக்கல. நான் என்ன சொன்னேன்? நீ கத்துனதுலதாண்டி எனக்குக் கவனம் செதறிப் போச்சுன்னேன்.

அது நெசந்தானுங்களே? பக்கத்துல ஒருத்தர் கத்துனா ஓட்டறவனுக்குக் கவனம் செதறுமா செதறாதா? சொல்லுங்க. நீங்களும் வண்டி ஓட்டறவருதான்.

அன்னைல இருந்து பேச்சில்ல. ஒரு வார்த்தை கெடையாது. சோறாக்கி வெச்சுட்டு எருமைகிட்டப் போயி, சோறு வெச்சிருக்குதுன்னு சொல்லுவா. நான் போயிச் சாப்பிட்டுக்கோணும். மின்சாரக்காரன் வந்திருக்கறான்னு எருமைகிட்டச் சொல்லுவா. நான் எந்திரிச்சுப் போகோணும். எருமைக்குக்கூட இப்பத் தெரியும் எங்க ஊட்டு வெவகாரம். எனக்கு வர்ற ஆத்தரத்துல அந்த எருமைய வித்துரலாமான்னு தோணுது.

நான் சும்மா இருக்கலீங்க. அவளுக்காகத்தான் கோயமுத்தூருக்கே வண்டிய ஓட்டிட்டுப் போனேன், பாயிகிட்ட நாயம் கேக்க. கடையில நாலு பேரு இருந்தாங்க. நல்லதாப் போச்சுன்னு சத்தம் போட்டேன். நீ மாட்டுன பேக்காலதான் என்ற பொண்டாட்டி கை போச்சுன்னேன். அவரு ஒரு லைட்ட எடுத்துக்கிட்டு வண்டிக்கடியில படுத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. என்னையுங் குனிஞ்சு பாக்கச் சொன்னாரு. குனிஞ்சேன். அந்த டீ மேல ஒரு வெரல வெச்சாரு, என்ற மூஞ்சியப் பாத்தாரு. அப்பறம் எந்திரிச்சுக் கையத் தொடச்சுக்கிட்டு, அம்மாவுக்குக் கை எப்பிடி இருக்குதுன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. தப்பு அவரு மேல, அதனாலதான் வாயே தொறக்கல. நானும் அதுக்கப்பறம் சத்தம் போடல. பாவம், போனாப் போகுதுன்னு வந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து அவ காதுல வுழுகற மாதிரிச் சொன்னேன், பாயி வாயடச்சுப் போயிட்டாருன்னு. அவ எருமைகிட்ட, அம்மாவுக்குக் கை எப்பிடி இருக்குதுன்னு அந்தப் பாயிக்காவது கேக்கத் தெரிஞ்சுதேன்னு சொன்னா. நான் அதைச் சொல்லவே இல்ல, எப்பிடித் தெரியும்? அவரு போன் பண்ணி இவகிட்ட வெசாரிச்சிருக்கறாரு. பாருங்க, எல்லாரும் எப்பிடிக் கூட்டுச் சேந்துட்டாங்கன்னு.

சரி, இதுக்கெல்லாம் மூலகாரணம் இந்தப் பேக்கு. கழட்டிப் போட்டா சண்டையுங் கழண்டு போயிரும்னு கழட்டுனேன். டிரம்மு நசுங்குனது எல்லாத்தையும் வெல்டிங் வெச்சு நிமித்தியாச்சு. வண்டிக் கதவு மாத்தியாச்சு. எல்லாம் முன்ன மாதிரியே ஆயிருச்சு. இன்னும் என்னதான் வேணும் அவளுக்கு? பேக்க வித்துரப் போறேன்னு நேத்துச் சொன்னேன். எருமைகிட்டக்கூட ஒண்ணுஞ் சொல்லல. அண்ணனுக்குப் போனப் போட்டு, நாளைக்கு டிராக்டரு கொண்டாந்துருன்னா. கட்டுப் போட்ட கையோட வேக்காடு பாக்கப் போறாளாம். வலது கையி நல்லாத்தான இருக்குது, குச்சி குத்த வலது கை போதும்னு அண்ணங்கிட்டச் சொல்றா. நான் ஒருத்தன் இங்க மனுசனா உக்காந்திருக்கறேன்.

நான் அழுகலீங்க. வேப்பம்பூ கண்ணுல வுழுந்துருச்சு.

என்னங்க? யாருக்குப் போன் போடறீங்க? உங்க ஊட்டம்மாவுக்கா? ஓ, கேக்காம எதையும் வாங்க மாட்டீங்களா. நல்லது, நல்லது. அவங்களும் வண்டியில கூட வருவாங்களா? மைக் செட்டுக் கணெக்சனெல்லாம் அவங்கதான் பாக்கறாங்களா. சரிதான். எங்கிட்ட எதுக்குங்க குடுக்கறீங்க? நானா பேசோணும்? நீங்களே சொல்லீருங்க, நான் எதுக்கு... சரி, குடுங்க. இதுல எங்க பேசறது? சத்தமா வெச்சுட்டீங்களா.

வணக்கம் அம்மிணி. ஆமாங்க, சென்னியப்பன். ஆமா, ரெண்டு பேக்கு. இருக்குதுங்க, பாத்துட்டாரு. அதாவது, பேக்குன்னு பாத்தீங்கன்னா... என்னங்க? இத மாட்டுனா உங்க ஊட்டுக்காரரு பத்தரமா ஊடு வந்து சேருவாருங்களான்னா?

அம்மிணி, இப்பிடி ஒரேயடியாக் கேட்டா நான் என்னங்க சொல்றது.

சேருவாருங்க. இல்ல, இல்ல, இருங்க, நானே சொல்றேன். பேக்குல ஒரு கொறையும் இல்லீங்க. வெடிக்கவும் இல்ல, கிழியவும் இல்ல. நல்ல சாமான். நல்லாக் கேட்டுக்குங்க அம்மிணி, நீங்க கூட உக்காந்து வர்றவங்க. ரெண்டு பேக்குக்கும் தனித்தனி வாயி இருக்கோணும், உங்க ஊட்டுக்காரரு ஒண்ணாச் சேத்தறேன்னா வுடாதீங்க. நெதமும் காலையில காத்தளக்கோணும். சுமையிருந்தா அம்பது, இல்லாட்டிப் பத்து. வண்டி நேரா நிக்குதுன்னு சொல்லிச் சேத்தி ஏத்தக் கூடாது, கனம் பழைய கனந்தான். முக்கியமா, இதுல இருந்து வேற எதுக்கும் காத்தெடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். ஹாரனுக்கு எடுத்தேன். அடிக்க அடிக்கப் பேக்குக் காலியாயிட்டே வந்துச்சு, எனக்குத் தெரியும், முன்னாலயே ரெண்டு வாட்டி எறங்கி ஏறுனதப் பாத்தேன். பக்கத்துல இருந்தவ கைய எடுங்க எடுங்கன்னு சொன்னா. நான் எடுக்கலீங்க. எடுத்திருந்தா நின்னிருக்கும். அவ கை ஒடஞ்சது என்னாலதான். என்ற தப்புத்தானுங்க அம்மிணி. முழுக்க என்ற தப்பு. நீங்க பயப்படாம வாங்கிக்குங்க.

ஆமாங்க. ஆமா. இல்லீங்க, இப்பப் பரவால்ல, கட்டுப் போட்டிருக்குது.

ஏனுங்க, அங்க என்ன பாக்கறீங்க? என்ற முதுகுக்குப் பின்னால...

நீ எப்ப வந்த, துளசி?

இவரு வெள்ளகோவில், பேக்கு வாங்க வந்திருக்கறாரு. அவங்க ஊட்டம்மா கேட்டாங்க, அதனால சும்மா...

கேட்டீங்களா? கேட்டீங்களா அவ என்ன சொல்லிட்டுப் போறான்னு? “எங்கிட்டச் சொல்ல உங்களுக்கு வாயி வரலீங்க. ஊரான் ஊட்டுப் பொம்பளைகிட்டச் சொல்ல வந்துருச்சுங்களா”ன்னு கேட்டுட்டுப் போறா. பத்தொம்பது நாளைக்கப்பறம் எங்கிட்டப் பேசுன மொதப் பேச்சு. சொல்லாட்டியுங் குத்தம், சொன்னாலுங் குத்தம். நான் என்னதாங்க பண்ணறது? மனுசன் ஒரு வழியா வாயத் தொறந்து சொன்னா, அத யாருகிட்டச் சொன்னேன்னு ஒரு வெசாரணை.

போன வெக்காதீங்க, இருங்க. அம்மிணி, லைன்ல இருக்கறீங்களா? அவ சொன்னது உங்களுக்குங் கேட்டுச்சுங்களா? கேட்டுச்சா. சரி. நாளைக்கு ஆறு மணிக்கு டிராக்டரு வந்துரும். அதுக்குள்ள நான் என்ன பண்ணோணும்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.

உள்ள போயி, இப்ப உங்ககிட்டச் சொன்னத அப்பிடியே அவகிட்டயுஞ் சொல்லோணுங்களா?

அவதான் பின்னால நின்னு அத்தனையுங் கேட்டுட்டாளேங்க.

மறுக்காவுமா?

அவ மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லோணுங்களா, அம்மிணி?